விஷமும் சந்ததியும்

வயலில் தெளிக்கும் மருந்து புழுவைக் கொல்லுமா, விளைச்சலைப் பெருக்குமா என்று கேட்பவர் பலர். அம்மருந்தைக் கலக்குகின்றவனுக்கும் தெளிக்கின்றவனுக்கும் பிள்ளை பிறக்குமா என்று கேட்பவர் மிகச் சிலர். இக்கேள்வியைச் சபையில் எழுப்பக் கூசுகிறவர்களும் உண்டு. பத்திரிகையில் எழுதத் தகுந்த விஷயமா இது என்று நம் நேயர்களில் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். கூச்சத்தினால் மறைக்கப்படும் தீங்கு கேட்பாரற்று வளரும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். தொழிலாளியின் கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் இடைவிடாது பேசுகின்ற நாம், அவனுடைய சந்ததியைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது நியாயமாகாது.

நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு விஷப் பொருள் ஆண்களின் பிள்ளைப்பேற்றுச் சக்தியைக் கெடுக்குமா என்பது, அப்பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே சோதிக்கப்பட வேண்டும். சோதனையில் கண்டது இன்னதென்று அதைக் கையாளும் தொழிலாளிக்குச் சொல்லப்பட வேண்டும். அவன் உடம்பும் காலந்தோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். மனிதர்கள் மலடான பிறகு எத்தனை பேர் மலடானார்கள் என்று கணக்கெடுப்பதற்குப் பரிசோதனை என்று பெயரில்லை. பிரேத விசாரணை என்றே பெயர். இதற்கு உலகமறிந்த ஓர் உதாரணம் உண்டு. அதை நம் தொழிலாளர் சங்கத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் லாத்ரப் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆக்ஸிடென்டல் கம்பெனியாரின் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பூச்சி மருந்துகளைக் கலந்து தயாரித்து வந்தார்கள். 1977-ம் வருஷம் அங்கு வேலை செய்த ஆண்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விசித்திரம் புலப்பட்டது. மருந்துப் பகுதியில் சில வருஷங்கள் உழைத்தவர்களுக்கு அதற்குப் பின் குழந்தை பிறக்கவேயில்லை. ஒருவனுக்கு இல்லையென்றால் விதி எனலாம்; ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் பலருக்கும் இல்லையென்றால் அதற்கு விதி என்ன செய்யும்? அவர்கள் தங்கள் சங்கத்தின் மூலமாக விஷயத்தைக் கிளப்பினார்கள். சிலருடைய விந்து முதலில் சோதிக்கப்பட்டது. பிறகு வைத்தியர்கள் அப்பகுதியாரை முறையாகப் பரிசோதித்தார்கள்.

அதே வருஷத்தில் "லான்ஸெட்" என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை செய்துகொள்ளாத 25 ஆண்களில் 11 பேருக்கு விந்தணுக்கள் அறவே இல்லை, அல்லது பெயரளவுக்கே இருந்தன. அந்தப் பதினொருவரும் குறைந்தது 3 வருஷங்கள் அப்பகுதியில் வேலை செய்தவர்கள். நல்ல நிலையில் விந்தணுக்கள் இருந்தவர்களும் 11 பேர். அவர்களோ வந்து 3 மாதங்களுக்கு மேல் ஆகாதவர்கள். இதைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் எந்த நியாயஸ்தலத்துக்கு வேண்டும்?

குற்றவாளியின் பெயர் டைப்ரோமோ குளோரோ புரோப்பேன்; சுருக்கமாக டி.பி.ஸி.பி. என்பார்கள். மண்ணுக்குள் இருந்து வேரை அரிக்கும் நூற்புழுக்களைக் கொல்வதற்காக 1950-களில் இது சந்தைக்கு வந்தது. ஷெல் கம்பெனியார் நெமகான் என்றும், டௌ கம்பெனியார் பியூமஸோன் என்றும் பெயரிட்டு விற்றனர். வாழை, அன்னாசி, நிலக்கடலை, திராட்சை முதலிய பயிர்களுக்கு இதைப் போட்டார்கள்.

நெஞ்சைப் பதறச் செய்கிற செய்தி இனிமேல்தான் வருகிறது. இம்மருந்தின் குணம் 1977-ல் திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. இவ்விரு கம்பெனியாரும் 1950-களின் கடைசியிலேயே பிராணிகளின்மீது சோதனைகள் செய்வித்திருந்தனர். அவற்றின் முடிவு 1961-ம் வருஷம் சாஸ்திரப் பத்திரிகையில் அச்சாயிற்று. இம்மருந்தின் ஆவியைச் சுவாசித்த எலிகளின் விரைகள் சுருங்கின. பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு ஆவி என்ற சொற்ப அளவிலும் கேடு காணப்பட்டது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சிபார்சு செய்துவிட்டு விற்பனையைத் தொடர்ந்தார்கள். 1961-க்கும் 1977-க்கும் இடையே 16 வருஷங்கள். அத்தனை வருஷங்களிலும் லாத்ரப் தொழிலாளிகளை ஒருவரும் அழைத்து, "எலிக்கு நேர்ந்தது உனக்கும் நேர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம் வா" என்று சொல்லவில்லை. சாஸ்திரம் தன் கடமையைச் செய்தது. அதன் வார்த்தை புத்தக அலமாரியில் கிடந்தது. தொழிலாளிகள் சாப்பாட்டு வேளைப் பேச்சில் கண்டறிய வேண்டியதாயிற்று.

இவ்வளவு காலம் இது மறைந்திருந்தது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு உடற்கூறே விடை கூறும். ஆணின் விரைகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. விந்தணுக்களை உண்டாக்குவது ஒன்று. ஆண்மைக்குரிய சுரப்பு நீரை உண்டாக்குவது மற்றொன்று. இரண்டையும் வெவ்வேறு அணுக்கள் செய்கின்றன. டி.பி.ஸி.பி. முக்கியமாக முதல் வேலையைச் செய்யும் அணுக்களைத் தாக்குகிறது. இரண்டாவது வேலை பெரும்பாலும் பழுதின்றி நடக்கிறது. ஆகவே மீசை உதிர்வதில்லை, குரல் மாறுவதில்லை, உடல் வலிமை குன்றுவதில்லை, தாம்பத்திய இச்சையும் குறைவதில்லை. மனிதன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் முழு ஆண்மகனாகவே தோன்றுகிறான். அவனுடைய விந்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். காய்ச்சலைப் போலவும் இருமலைப் போலவும் தன் வருகையை அறிவித்துக்கொண்டு வருகிற வியாதி அன்று இது.

அதைப் பரிசோதிக்கும் முறையும் தேவரகசியம் அன்று. விந்தின் அளவு, அதிலுள்ள அணுக்களின் எண்ணிக்கை, அவை நீந்தும் வேகம், அவற்றின் வடிவம் இவற்றைப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் மூளையடிச் சுரப்பியின் நீர்கள் மிகுந்திருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். விரைகள் வேலை செய்யாவிட்டால் அச்சுரப்பி அதட்டி வேலை வாங்க முயல்வதால் அந்நீர்கள் மிகும். ஒரு விந்தணு முழு உருவம் பெறச் சுமார் 74 நாட்கள் ஆகும். ஆதலின் இன்று தீண்டிய விஷத்தின் பலன் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகே தென்படலாம். ஒருமுறை பார்த்துவிட்டு "குற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுவது இதனால்தான் போதாது. வேலைக்குச் சேரும்போது ஒரு முறையும், பிறகு காலந்தோறும் பார்த்து ஒப்பிட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தார் இச்சோதனைக்கென்றே 1980-ல் ஒரு கைநூல் வெளியிட்டு, அதைப் பலமுறை திருத்தி 2021-ல் ஆறாம் பதிப்பும் கொண்டுவந்துள்ளார்கள். வழி தெரியவில்லை என்ற சாக்கு இனி ஒருவருக்கும் இல்லை.

லாத்ரப் செய்தி பரவியதும் அமெரிக்க சர்க்கார் விழித்துக்கொண்டனர். 1977 செப்டம்பரில் அவசர உத்தரவு பிறந்தது. 1978-ல் நிரந்தர விதி வந்தது. தொழிற்சாலைக் காற்றில் நூறு கோடிப் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் இவ்விஷம் இருக்கலாகாது என்றனர். 1961-ல் சிபார்சு செய்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு இது! தொழிலாளியின் உடம்புக்கு ஏற்றதென்று முதலில் சொன்ன அளவு எவ்வளவு அலட்சியமாகச் சொல்லப்பட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. 1979-ல் ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக அந்நாடு முழுவதிலும் இதன் உபயோகம் ரத்தாயிற்று. 1985-ல் அதற்கும் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

அந்த அவசர உத்தரவின்போது பீச் பழ விவசாயிகளின் தேசிய சபை நிர்வாகி ஒருவர் சர்க்காருக்கு எழுதிய யோசனையை நாம் மறக்க முடியாது. பிள்ளை வேண்டாமென்று பணம் கொடுத்துச் சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்களே. அப்படிப்பட்டவர்களையும் வயதானவர்களையும் இவ்வேலையில் அமர்த்தினால் என்ன என்பது அவர் கேட்டதன் கருத்து. அதே மருந்து பிராணிகளுக்குப் புற்று நோயை உண்டாக்கியதும் அப்போது தெரிந்திருந்தது. தொழிலாளியை மாட்டோடும் ஏரோடும் சேர்த்து எண்ணும் மனோபாவம் இந்த யோசனையில் முழு உருவத்தோடு நிற்கிறது. சந்ததி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது அவனும் அவன் மனைவியும். அந்த உரிமையை ஒரு டப்பா மருந்துக்கு விட்டுக்கொடுக்க அவன் எப்போது உடன்பட்டான்?

அமெரிக்கத் தொழிலாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு, மத்திய அமெரிக்காவின் ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்ததா? அதுதான் இல்லை. கோஸ்டாரிகா முதலிய தேசங்களின் வாழைத் தோட்டங்களில் இம்மருந்தைக் கைக்குழாய்களால் வேரடி மண்ணில் செலுத்தி வந்தார்கள். 1977-ல் டௌ கம்பெனியார் இதை அனுப்புவதை நிறுத்தினர். தோட்ட முதலாளிகளான ஸ்டாண்டர்ட் ப்ரூட் கம்பெனியார், ஒப்பந்தத்தை மீறலாகாது, மருந்தை அனுப்பியே தீர வேண்டும் என்று நின்றனர். வழக்கு வந்தால் நஷ்டத்தைத் தாமே ஏற்பதாக அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு, மருந்து மறுபடியும் கப்பலேறிற்று. கலிபோர்னியாவில் விஷமாக இருந்தது கோஸ்டாரிகாவின் கரையில் இறங்கியவுடன் அமுதமாகிவிட்டது போலும்! கோஸ்டாரிகாவில் அதன் உபயோகம் 1979-ல்தான் நின்றது. அதற்குள் அத்தேசத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் சந்ததிச் சக்தியை இழந்திருந்தார்கள்.

நியாயம் தேடிய கதையும் நீண்டது. 1984-ல் கோஸ்டாரிகா தோட்டத் தொழிலாளிகளும் அவர்தம் மனைவியரும் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் டௌ, ஷெல் கம்பெனிகளின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்நிய தேசத்தில் நடந்ததை இங்கே விசாரிப்பது வசதியன்று என்று கம்பெனிகள் தரப்பில் வாதாடப்பட்டது. ஷெல் கம்பெனியின் தலைமைக் காரியாலயமே ஹூஸ்டனில் இருந்ததென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்! 1990-ல் டெக்ஸாஸின் உன்னத நியாயஸ்தலம் அவ்வாதத்தைத் தள்ளி, வழக்கை நடத்தலாமென்று தீர்ப்பளித்தது. ஏழைகளின் சார்பில் திறந்த அக்கதவை 1993-ல் அம்மாகாணத்துச் சட்டசபையார் புதுச் சட்டம் செய்து குறுக்கிவிட்டனர். லாபம் கடல் கடந்து எளிதில் போய்ச் சேருகிறது. பொறுப்பு மட்டும் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்படுகிறது.

போன சக்தி திரும்பாதா என்று கேட்கலாம். இம்மருந்தை உற்பத்தி செய்த இஸ்ரேல் தேசத்துத் தொழிலாளிகள் 15 பேரை 17 வருஷங்கள் கவனித்து வந்த ஆராய்ச்சி 1995-ல் வெளியாயிற்று. விந்தணுவே இல்லாதிருந்த 9 பேரில் 3 பேருக்கும், குறைந்திருந்த 6 பேரில் 3 பேருக்கும் நிலைமை சீர்பட்டது. அதுவும் நான்கு வருஷங்களுக்குள்ளேயே. அப்பால் ஒருவருக்கும் முன்னேற்றமில்லை. விதை நெல்லையே தின்றுவிட்ட களஞ்சியம் மறுபோகத்துக்கு எதைக் கொடுக்கும்? முன்கூட்டிச் சோதிக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இது எங்கேயோ நடந்த சங்கதியென்று நாம் கை கழுவ முடியாது. இந்தியாவில் டி.பி.ஸி.பி.யின் உற்பத்தி, இறக்குமதி, உபயோகம் மூன்றும் 1989-ல் தடை செய்யப்பட்டன. அமெரிக்காவில் ரத்தானதற்கும் இங்கே தடை வந்ததற்கும் இடையே 10 வருஷங்கள் சென்றன.

நம் அண்டை மாகாணமான கேரளத்தின் காசர்கோடு ஜில்லாவையும் பாருங்கள். அங்கே சர்க்காரின் ஸ்தாபனமான தோட்டக் கார்ப்பொரேஷனே, முந்திரித் தோட்டங்களின்மீது எண்டோசல்பான் என்னும் மருந்தை ஹெலிகாப்டர் மூலம் 20 வருஷங்களுக்கு மேல் தெளித்து வந்தது. ஜனங்களின் கூக்குரல் ஓங்கிய பிறகு 2000-ல் அது நின்றது. ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் பத்ரே என்னும் கிராமத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள 117 பையன்களைப் பரிசோதித்து, மருந்து தெளிக்கப்படாத இடத்திலுள்ள 90 பையன்களோடு ஒப்பிட்டார்கள். பத்ரேப் பையன்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருந்ததாக அவர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். உற்பத்தியாளர் தரப்பில் இவ்வாராய்ச்சியைக் குறை கூறினர். ஆராய்ச்சியைப் பற்றித் தர்க்கம் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 20 வருஷங்கள் தெளிப்பதற்கு முன்னால் அத்தர்க்கத்தை நடத்தியிருக்கலாகாதா? 2011 மே மாதத்தில் நம் சுப்ரீம் கோர்ட்டார் அம்மருந்தை நாடு முழுவதும் நிறுத்த உத்தரவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2017 ஜனவரியில் கேரள சர்க்காருக்குக் கட்டளையிட்டார்கள். ரூபாயால் ஈடு செய்யக்கூடியதா அந்த நஷ்டம் என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

நம் வீடுகளில் நடக்கும் ஓர் அநீதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் குழந்தை இல்லையென்றால் ஊர் யாரைப் பார்க்கிறது? மருமகளைத்தான். அவளுக்கு விரதம், அவளுக்குக் கஷாயம், அவளுக்குப் பழிச்சொல். மலடி என்ற வார்த்தை ஊர் வாயில் எந்நேரமும் தயாராக இருக்கிறது. மலடன் என்ற வார்த்தையோ அகராதியில் உறங்குகிறது. புருஷன் ஒருமுறை பரிசோதனைக்குப் போவதைத் தன் மானத்துக்கு வந்த குறையென்று எண்ணுகிறான். அவன் வேலை செய்யும் பட்டறையிலோ தோட்டத்திலோ குற்றம் இருக்கக்கூடும் என்ற நினைவே ஒருவருக்கும் எழுவதில்லை. இவ்விதமாக முதலாளியின் விஷத்துக்குத் தொழிலாளியின் மனைவி தண்டனை அனுபவிக்கிறாள். ஆண்களின் வெட்கம் விஷ வியாபாரிக்குக் கிடைத்த இலவச வக்கீல் என்போம்.

சட்டமும் தொழிற்சாலையும் இந்தப் பிழையைச் செய்ததுண்டு. அமெரிக்காவில் மின்கலத் தொழிற்சாலை நடத்திய ஜான்ஸன் கண்ட்ரோல்ஸ் கம்பெனியார், ஈயம் கருவுக்குத் தீங்கு என்று சொல்லிப் பெண்களை அவ்வேலையிலிருந்து விலக்கினர். ஆண்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1991-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டார் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியபோது, ஈயம் ஆண்களின் சந்ததிச் சக்தியையும் கெடுக்கிறது என்பதற்குச் சாட்சியம் இருந்ததை எடுத்துக் காட்டினார்கள். நம் நாட்டில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் அட்டவணை ஒன்றைக் கொடுத்தது. ஈய விஷம் முதல் பல நோய்கள் அதில் இடம் பெற்றன. ஆணின் மலட்டுத்தன்மை அதில் ஒரு நோயாகக் குறிக்கப்படவில்லை. அட்டவணையில் இல்லாததை வைத்தியர் தேடார், தேடாததைக் காணார், காணாததற்கு நஷ்ட ஈடு ஏது?

"மருந்தில்லாமல் விவசாயம் நடக்குமா? கெடுபிடி செய்தால் தொழிற்சாலை மூடப்படாதா? தொழிலாளிக்குத்தான் வேலை போகும்" என்று சிலர் நம்மைப் பயமுறுத்துவார்கள். பயிரைப் புழு தின்னட்டும் என்று நாம் சொல்லவில்லை. குடியானவனின் கஷ்டத்தை அறியாமலும் எழுதவில்லை. டி.பி.ஸி.பி. போனதால் உலகத்தில் வாழைப்பழம் இல்லாமற் போய்விட்டதா? நிலக்கடலை முளைக்காமல் நின்றுவிட்டதா? விஷத்தைத் தடுத்த இடங்களில் வேறு வழிகள் தேடப்பட்டன, கிடைத்தன. வேலைக்கும் பிள்ளைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று தொழிலாளியிடம் சொல்வது வியாபார நியாயமாக இருக்கலாம்; மனித நியாயம் ஆகாது.

ஆகவே சர்க்காரிடம் நாம் கோருவது இது. புதிய பூச்சி மருந்துக்கும் ரசாயனப் பொருளுக்கும் அனுமதி கொடுக்குமுன், ஆண் பிராணிகளின் சந்ததிச் சக்தியைப் பற்றிய சோதனை முடிவுகளை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒரு நாட்டில் இக்காரணத்துக்காகத் தடுக்கப்பட்ட பொருள் இங்கே விற்கப்படுமாயின், அதை உடனே மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் காத்திருக்கலாகாது. ஈயம், கரைப்பான்கள், பூச்சி மருந்துகள் ஆகியவற்றுடன் பழகும் தொழிலாளிகளுக்கு அவர்கள் சம்மதத்தின்மீது, ரகசியம் காத்து, கம்பெனியார் செலவில் காலந்தோறும் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் முடிவைக் காரணமாகக் காட்டி ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கலாகாது. ஒரே பட்டறையில் பலருக்குக் குறை காணப்பட்டால் அதை அறிவிக்கத் தக்க தொழில் நோயாக ஏற்று, நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் தினக்கூலிக்கு மருந்தடிப்பவனும் இப்பாதுகாப்பில் அடங்க வேண்டும். தொழிற்சாலைச் சுவருக்குள் இருப்பவனுக்கு மட்டும் உடம்பு இருக்கிறதென்று எண்ணுவது தவறு.

சர்க்காரை மாத்திரம் நம்பியிருப்பதும் போதாது. தொழிலாளர் சங்கங்களையும் விவசாய சங்கங்களையும் நடத்தும் தேசபக்தர்களே! லாத்ரப் தொழிலாளிகளுக்கு எந்த அதிகாரியும் முதலில் வந்து உதவவில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசினார்கள். தங்கள் வெட்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்தார்கள். தங்கள் சங்கத்தைக் கருவியாகக் கொண்டார்கள். அவ்வளவில் 16 வருஷமாக மூடிக் கிடந்த உண்மை சில மாதங்களில் வெளிவந்தது. உங்கள் அடுத்த கூட்டத்தில் கூலி உயர்வுத் தீர்மானத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையாளும் டப்பாக்களின்மீது எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சென்ற ஐந்து வருஷத்தில் உங்கள் பட்டறையில் எத்தனை வீட்டில் தொட்டில் கட்டினார்கள் என்று நீங்களே கணக்கெடுங்கள். அக்கணக்கில் சந்தேகம் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். சங்கத்தின் பெயரால் கேள்வி கேளுங்கள். கேட்பவர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சோதிக்க வேண்டியவர்கள் சோதிப்பார்கள்.